கடலோரம் இரண்டு நாள்: பினாங்கு

பினாங்கு என்றதும் நம் தோட்டத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தைப்பூசம்தான். முதல் நாள் இரவே பஸ் பிடித்துப் போவோம். ரதத்துக்குத் தேங்காய் உடைப்போம். தண்ணீர்மலையில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி முருகனைக் கும்பிடுவோம். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு அன்றைக்கே ஊர் திரும்பிவிடுவோம். மறுநாள் பிரட்டு இருக்கிறதே!

இப்படிப் பல தடவை போய் வந்தும், பினாங்குக் கடலில் காலை நனைக்காத தாய்மார்கள் நம்மிடையே ஏராளம். சாமிக்காகப் போனோம், கல்யாணத்துக்குப் போனோம், ஆஸ்பத்திரிக்குப் போனோம். சும்மா உட்கார்ந்திருக்கப் போனதுண்டா? வரும் பள்ளி விடுமுறையில் அதற்காகவே ஒரு முறை குடும்பத்தோடு போய் வாருங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போகும் வழி

தீவுக்குள் நுழைய மூன்று வழிகள் உண்டு. 1985இல் திறக்கப்பட்ட பழைய பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். 2014இல் திறந்த இரண்டாவது பாலம் தெற்கே பத்து காவானில் தொடங்குகிறது. மூன்றாவது, பட்டர்வொர்த் படகுத்துறையிலிருந்து புறப்படும் பெரி. கார்களையும் லாரிகளையும் வயிற்றில் சுமந்து சென்ற அந்தப் பழைய பெரிகள் இப்போது ஓடுவதில்லை. 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் போகலாம், கார் ஏறாது.

சொந்தக் கார் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து, பெரியில் கடலைக் கடந்தால், எதிரே படகுத்துறையிலேயே பஸ் நிலையம் இருக்கிறது. 101ஆம் எண் பஸ் கடற்கரையை ஒட்டியே வளைந்து நெளிந்து தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகிறது. பிள்ளைகளுக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுங்கள். அந்தப் பயணமே ஒரு வேடிக்கை.

பரங்கிப் பாறை

ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் நின்று பார்த்தால் சுவையாக இருக்கும். பினாங்கு என்றால் மலாய் மொழியில் பாக்கு. ஆக, இது பாக்குத் தீவு. தஞ்சோங் பூங்கா என்பது பூமுனை. பத்து பெரிங்கியில் வரும் ‘பத்து’ நம்முடைய எண் அல்ல. கல், பாறை என்று பொருள். ‘பெரிங்கி’ யார் தெரியுமா? நாம் பரங்கி என்கிறோமே, அந்த வெள்ளைக்காரன்தான். பரங்கிப் பாறை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

பத்து பெரிங்கியில் நீண்ட மணற்கரை உண்டு. சவுக்கு மரங்கள் நிழல் தரும். சாலையோரம் வானளாவிய ஓட்டல்கள் நிற்பதைப் பார்த்து, “இதெல்லாம் பணக்காரர் இடம், நமக்கென்ன வேலை?” என்று நம்மவர்கள் தயங்கி நிற்பதுண்டு. தயங்க வேண்டாம். ஓட்டலும் அதன் நீச்சல் குளமும்தான் அவர்களுடையவை. மணலும் கடலும் எல்லாருக்கும் பொது. மணலுக்கு இறங்கப் பொது வழிகள் இருக்கின்றன. பாயை விரித்து உட்காருங்கள்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடல் படத்தில் பார்ப்பதுபோல நீலமாக இருக்காது. சற்றுக் கலங்கித்தான் இருக்கும். சொறிமுட்டை எனப்படும் இழுதுமீன்கள் வருவதுண்டு. அவற்றில் சில கொடிய நச்சுள்ளவை. கரையில் ஒதுங்கிக் கிடப்பதைக்கூடப் பிள்ளைகள் தொடக்கூடாது. எச்சரிக்கைப் பலகையோ சிவப்புக் கொடியோ இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். முழங்கால் அளவு தண்ணீரில் விளையாடும் பிள்ளையையும் பெரியவர் ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை மறக்க முடியாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பங்கள் கரையெங்கும் நிறைந்திருந்த மதிய நேரத்தில் சுனாமி வந்தது. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள். கடல் திடீரென்று உள்வாங்கித் தரை தெரிந்தால், மீன் பொறுக்கப் போகாதே, மேட்டுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பயமுறுத்துவதற்கு அல்ல, தெரிந்திருந்தால் உயிர் தப்பலாம்.

இன்னும் கொஞ்சம் அமைதி வேண்டுபவர்கள் தெலுக் பஹாங்குக்குப் போகலாம். அது மீனவர் வாழும் ஊர். அங்கிருந்து தொடங்கும் காடு 2003இல் தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டது. காட்டு வழியே நடந்தோ படகில் சென்றோ கெராச்சுட் கடற்கரையை அடைந்தால், கடலாமைகளின் முட்டைகளைப் பாதுகாக்கும் நிலையத்தைப் பார்க்கலாம். முதியோரும் கைக்குழந்தையும் இருந்தால் நடையை விட்டுவிட்டுப் படகிலேயே போவது நல்லது.

நம் முன்னோர் பார்த்த கரை

பழைய பாலத்தில் தீவை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் பாருங்கள். மரங்கள் அடர்ந்த சிறிய தீவு ஒன்று தெரியும். அதுதான் ஜெரஜாக். பலர் அதைக் கடந்து போகிறார்கள். அதன் கதையைத் தெரிந்தவர் குறைவு.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய நம் முன்னோர்களில் மிகப் பலர் மலாயாவில் முதன்முதலாகப் பார்த்தது பினாங்குக் கரையைத்தான். ஆனால் கரையில் இறங்கி நேரே நடந்துவிட முடியாது. அம்மை, காலரா போன்ற நோய்கள் உண்டா என்று பார்ப்பதற்காக ஜெரஜாக்கில் அடைத்து வைத்தார்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஊர் விளக்குகள் தெரியும், போக முடியாது. நாள் முடிந்ததும் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அதே தீவில் தொழுநோயாளர் குடியிருப்பும் இருந்தது. பின்னாளில், 1969 முதல் 1993 வரை, சிறைச்சாலையாகவும் இருந்தது.

முதலில் வந்தவர்கள் எதிர்க்கரையான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பிறகு வந்தவர்கள் ரப்பருக்குப் போனார்கள். ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் எடுப்பது 1910இல் நின்றது. கங்காணி வழியாக வந்தவர்களின் வரவு 1938இல் இந்திய அரசு போட்ட தடையோடு முடிந்தது. அதற்குப் பிறகும் உறவைத் தேடி வந்தவர்களையும், ஊருக்குப் போய்த் திரும்பியவர்களையும் சுமந்தது ‘ரஜூலா’ கப்பல். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஐந்தாறு நாள் கடலைப் பார்த்தபடி வந்தார்கள்.

அவர்களுக்குக் கடல் என்பது பிரிவு. திரும்பிப் போக முடியுமா என்ற ஏக்கம். அதனால்தானோ என்னவோ, நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குக் கடற்கரையில் உல்லாசமாக உட்காரும் பழக்கமே வரவில்லை.

சிறு வயதில் ரஜூலாவில் வந்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், “கால் வலிக்கும், வீட்டிலேயே இருங்க” என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூட்டிப் போய் நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பேரப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: “பாட்டி, நீங்க எந்தக் கப்பல்ல வந்தீங்க? கூட யாரு வந்தா?” கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும் பேச்சு, வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் வராது. கிராமத்தின் பெயரையும் கூட வந்தவர்களின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தப் பாடநூலும் நம் குடும்பத்துக்கு அதை எழுதித் தரப் போவதில்லை.

இரண்டாம் நாள், ஊருக்குள்

ஜோர்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. காலையில் பசியாறிவிட்டு நம்மவர்களின் கடைத்தெருப் பக்கம் நடந்தால் போதும். குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில். அருகே, தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றோடு இணைந்த, 1801இல் தொடங்கிய காப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதே வட்டாரத்தில் சீனர்களின் கோயிலும், 1818இல் கட்டிய செயின்ட் ஜோர்ஜ் தேவாலயமும் இருக்கின்றன. ஒரே நடையில் நான்கு சமயங்களின் வாசலையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

மதியம் நாசி கண்டார். ‘கண்டார்’ என்பது தோளில் சுமக்கும் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள், காவடிபோலக் கம்பின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அந்தச் சோற்றைத்தான் இன்று நாடே தேடி வந்து சாப்பிடுகிறது.

வெயில் தாழ்ந்ததும் கொடிமலைக்குப் போகலாம். 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் முன்பு பாதி வழியில் மாறி ஏற வேண்டியதாக இருந்தது. 2011 முதல் ஒரே வண்டியில் உச்சிக்குப் போகிறது. மேலே குளிர்ந்த காற்றும் முருகன் கோயிலும் உண்டு. கீழே கடலும் பாலமும் தெரியும்.

ஓய்வும் உரிமைதான்

ஒரு வார்த்தை அப்பாமார்களுக்கு. இரண்டு நாளில் பத்து இடம் பார்க்க வேண்டும் என்று ஓட்டாதீர்கள். அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இருபது பேருக்குப் புளிச்சோறு கட்டி, கரையிலும் பரிமாறி, பாத்திரமும் கழுவினால், அவருக்கு அது விடுமுறை அல்ல. இடம் மாறிய வேலை. ஒரு வேளையாவது கடையில் வாங்கிக் கொடுங்கள். தங்கும் அறைக்குப் பள்ளி விடுமுறையில் வாடகை ஏறும். இரண்டு குடும்பம் சேர்ந்து முன்கூட்டியே பதிந்தால் செலவு குறையும். மாதம் பத்து இருபது வெள்ளி என்று ஒரு டின்னில் போட்டு வந்தால், ஆண்டுக் கடைசியில் கடன் வாங்காமல் போய் வரலாம்.

சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு யாரும் இரங்கித் தருவது அல்ல. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 12 நாளும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாளும் உண்டு. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டுமே அதைச் செலவழித்து வந்திருக்கிறோம். அதில் இரண்டு நாளைக் கடலுக்கு எடுத்து வையுங்கள். நம் தாத்தா பாட்டிக்கு இந்தக் கரையில் காத்திருக்கத்தான் அனுமதி இருந்தது. நாம் உட்கார்ந்து இளைப்பாறலாம்.