திரும்ப வழி

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். பனியன் கம்பெனிகளில் தையல், செக்கிங், அயர்னிங் என்று பெரும்பாலானவர்களுக்கு வாரக்கூலிதான். வெள்ளிக்கிழமை இரவு சம்பளக் கணக்கு ஓடும் சர்வர் படுத்துவிட்டால், மறுநாள் சாயங்காலம் கூலி வாங்கி மளிகைக் கடைக்குப் போக நிற்கிறவர்களுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். 2011இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு அது படுத்தது. பதில் சொல்ல வேண்டியவன் நான்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் எங்கள் சர்வர் ரூம். ஒரு ஏசி, ஒரு யுபிஎஸ், எங்கே போனாலும் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் தூசி. திரையில் வந்த பிழைச்செய்தி ஒரே வரி: டிஸ்க்கில் இடம் இல்லை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். 100 சதவீதம். மற்ற நிரல்கள் எல்லாம் எழுத இடமில்லாமல் திணற, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் உள்ளே போன எனக்கு மட்டும் எல்லாம் வேலை செய்தது. ஈஎக்ஸ்டி3 முறையில் அமைத்த டிஸ்க்கில் வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. வீடு பற்றி எரிந்தாலும் தண்ணீர் கொண்டு வருகிறவன் நுழைய ஒரு சந்து வேண்டும் என்று யாரோ யோசித்து வைத்தது அது.

நெட்டில் தேடினேன். கண்ணில் பட்ட ஒரு வழிகாட்டி நேராக விஷயத்துக்கு வந்தது. டியு கட்டளையால் பெரிய ஃபைலைக் கண்டுபிடி, ஆர்எம் போட்டு அழி, முடிந்தது. கண்டுபிடித்தேன். சம்பள மென்பொருள் மாதக்கணக்காக எழுதிக்கொண்டே போன லாக் ஃபைல், 38 ஜிபி. ஆர்எம் அடித்து என்டர் தட்டினேன். ஒரு நொடியில் ஃபைல் காணாமல் போனது. டீ குடிக்கப் போகலாம் என்று எழுந்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று டிஎஃப் போட்டேன். 100 சதவீதம்.

டியு கணக்குப்படி 38 ஜிபி குறைந்திருந்தது. டிஎஃப் கணக்குப்படி ஒரு பைட்கூடக் குறையவில்லை. ஒரே கல்லாவுக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் இரண்டு தொகை காட்டினால் முதலாளிக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வழிகாட்டியை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தேன். ‘முடிந்தது’ என்ற சொல்லுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர் வேலையை விட்டுவிட்டுக் காங்கேயம் பக்கம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரத்தைப் பார்க்காமல் கூப்பிட்டேன்.

“சொல்லுங்க தம்பி.” தூக்கக் குரல்.

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“பேரைத்தான் தம்பி அழிச்சிருக்கீங்க. ஆளு இன்னும் உள்ளயே உக்காந்திருக்கான்.”

எங்கள் சர்வரின் இயங்குதளக் குடும்பமான யுனிக்ஸ் பற்றி நான் படித்த பக்கங்களை எல்லாம் அந்த ஒரு வாக்கியம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. யுனிக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. பெயர் டைரக்டரியில் எழுதப்பட்ட ஒரு வரி, அவ்வளவே. சரக்கு டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது, எவ்வளவு, யாருடையது என்ற விவரமெல்லாம் ஐநோட் என்ற இன்னொரு ஏட்டில் இருக்கும். ஆர்எம் செய்வது பெயரை நீக்குவது மட்டும். அதனால்தான் அது உள்ளே கூப்பிடும் வேலைக்கு ‘அன்லிங்க்’ என்று பெயர். ஃபைலின் கடைசிப் பெயர் போக வேண்டும். அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசிப் பிராசஸும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலும், கையை எடுக்க வேண்டும். இரண்டும் நடந்த பிறகே இடம் திரும்பி வரும். டியு, பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடந்து எண்ணுகிறது. டிஎஃப், டிஸ்க்கிடமே கேட்கிறது. ஆகவே இரண்டு கணக்குப்பிள்ளைகளும் பொய் சொல்லவில்லை.

திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை அவர் சொன்னபடி போட்டேன். நீண்ட பட்டியலில் ஒரு வரி: சம்பள மென்பொருளின் பிராசஸ் எண், அது பிடித்திருந்த ஃபைல், 38 ஜிபிக்கான நீளமான எண், வரியின் கடைசியில் ‘டெலிட்டட்’. அழித்துவிட்டோம் என்று நான் நினைத்தவன் அங்கே சட்டமாக உட்கார்ந்திருந்தான். மென்பொருளை நிறுத்தித் திரும்பக் கிளப்பச் சொன்னார். கிளப்பினேன். டிஎஃப் 49 சதவீதத்துக்கு இறங்கியது.

ஃபோனை வைக்குமுன் இன்னொன்றும் சொன்னார். “ஆளு உள்ள இருக்கறவரைக்கும் அவனைத் திரும்பக் கூட்டியாறவும் முடியுமுங்க. தெரியாம நல்ல ஃபைலை அழிச்சுப்போட்டா, உடனே ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க.” திறந்திருக்கும் ஃபைல் ஒவ்வொன்றும் ப்ராக் என்ற டைரக்டரிக்குள் அந்தந்தப் பிராசஸின் எண்ணுக்குக் கீழே தெரியும். அங்கிருந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். என்னைத் தவிக்க விட்ட அதே குணம் இன்னொருவனைக் காப்பாற்றும். மறுநாள் ஏழு மணிக்குச் சம்பளம் போட்டாகிவிட்டது.

அந்த வழிகாட்டியின் மேல் கொஞ்ச நாள் கோபமாக இருந்தேன். பிறகு யோசித்தால், அதில் தப்பான கட்டளை ஒன்றுகூட இல்லை. எழுதியவருடைய சர்வரில் அந்த ஃபைலை யாரும் திறந்து வைத்திருக்கவில்லை. அவருக்கு அது வேலை செய்தது, எழுதிவிட்டார். கட்டளைக்கு முன்னால் ஒரு வரியும் பின்னால் ஒரு வரியும் விட்டுப்போயிருந்தன. முன்னால், ‘இந்த ஃபைலை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்’. பின்னால், ‘இப்போது டிஎஃப் இறங்கியிருக்க வேண்டும், இறங்காவிட்டால் இதைச் செய்’. கட்டளையை எவரும் எழுதிவிடலாம். அந்த இரண்டு வரிகளை, அதே இடத்தில் விழுந்து எழுந்தவர்தான் எழுத முடியும்.

ஃபோனில் வழி சொன்ன அந்த அண்ணன் விட்டுப்போயிருந்த ஒரு லாங் சைஸ் நோட்டை அதுவரை நான் அலமாரியிலிருந்து எடுத்ததே இல்லை. அந்த வாரம் எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று பத்திகள்: ‘செய்வது’, ‘தெரிய வேண்டியது’, ‘திரும்ப வழி’. நடுப் பத்தியில், கட்டளை ஓடியதும் திரையில் என்ன வர வேண்டும் என்று எழுதியிருப்பார். மூன்றாவது பத்தி காலியாக இருந்த பக்கங்களில் சிவப்பு மையில் ஒரே வரி: ‘திரும்ப வழி இல்லை. பேக்கப் எடுத்தாச்சா?’

க்ரான்டேப் பக்கம் எனக்கு மறக்காது. நேரப்படி ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல் அது. அதைத் திருத்த ஹைஃபன் போட்டு ஈ. பட்டியல் மொத்தத்தையும் அழிக்க ஹைஃபன் போட்டு ஆர். கீபோர்டில் ஈயும் ஆரும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆர் அடித்தால் ‘நிஜமாகவா?’ என்று ஒரு கேள்விகூட வராது. அண்ணன் எழுதியிருந்தது: ‘திறக்குமுன் ஹைஃபன் எல் போட்டு நகலை ஒரு ஃபைலில் போடு.’ நடுப் பத்தியில்: ‘நகலில் 14 வரி இருக்கணும்.’ அந்தப் பதினாலைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எண்ணிப் பார்த்து எழுதுகிற அளவுக்கு மனிதர் ஒருநாள் அடி வாங்கியிருக்கிறார்.

இன்னொரு பக்கம், தொலைவிலிருக்கும் சர்வரில் ஃபயர்வால் விதிகளை மாற்றுவது. ஒரு விதி தப்பாக விழுந்தால் நாம் உள்ளே வந்த வழியே அடைபட்டுவிடும். அப்புறம் வண்டி எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. நோட்டு சொன்னது இது: முதலில் பழைய விதிகளை ஒரு ஃபைலில் சேமி. 10 நிமிடம் கழித்து அவை தானாகத் திரும்ப ஏறும்படி ‘அட்’ கட்டளையில் ஒரு வேலையைக் குறித்து வை. அதற்குப் பிறகு மாற்று. வேறொரு ஜன்னலிலிருந்து புதிதாக உள்ளே வர முடிகிறதா பார். முடிந்தால் அந்த வேலையை ரத்து செய். முடியாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு 10 நிமிடம் உட்கார்ந்திரு. கொங்குநாட்டுக் கிணறுகள் ஆழமானவை. தூர் வாருகிறவன் மேலே ஆள் நிறுத்தி, கயிற்றை இழுத்துப் பார்த்த பிறகே காலை வைப்பான். அண்ணனுக்கு அது தோட்டத்துப் பழக்கம்.

இடமில்லை என்ற அதே பிழைச்செய்திக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார். டிஎஃப் பாதி காலி என்று காட்டும்போதே அந்தச் செய்தி வருமாம். லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் குவிந்து ஐநோட்கள் தீர்ந்துவிட்டால் அப்படி. கிடங்கு காலி, ஆனால் சரக்கை வரவு வைக்க ஏட்டில் பக்கம் இல்லை. டிஎஃப்புடன் ஹைஃபன் ஐ சேர்த்தால் தெரிந்துவிடும். இந்தப் பிழைச்செய்தியைப் பற்றி முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தும் படிக்காமல் அன்றிரவு நெட்டுக்கு ஓடியவன் நான்.

இதெல்லாம் அண்ணன் தானாகக் கண்டுபிடித்த ஒழுங்கு என்றுதான் நினைத்திருந்தேன். பின்னாளில் யுனிக்ஸின் முதல் கையேட்டின் பழைய பிரதியைப் பார்க்கக் கிடைத்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொகுத்தது, தேதி 1971 நவம்பர் 3. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று போய், கடைசியில் ‘பக்ஸ்’ என்று ஒரு தலைப்பு. இந்தக் கட்டளையில் எங்களுக்குத் தெரிந்த கோளாறுகள் இவை என்று செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தன் கடைப் பலகாரத்தில் என்ன குறை என்று பலகையில் எழுதித் தொங்கவிடும் கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்கும் கீழே ‘ஓனர்’ என்று ஒரு வரி: சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது. பெயர்கூட முழுதாக இல்லை, கென் என்றும் டிஎம்ஆர் என்றும் சுருக்கம். அண்ணன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இனிஷியல் போட்டிருந்தது உடனே நினைவுக்கு வந்தது.

அந்தக் கையேட்டின் வாரிசுதான் இன்றைக்கும் மேன் என்று அடித்தால் வரும் பக்கங்கள். நிர்வாகக் கட்டளைகளுக்கு அதில் 8ஆம் பிரிவு. மேன் பக்கம் அகராதி மாதிரி: சொல் தெரிந்தால் பொருள் சொல்லும், என்ன சொல்லைத் தேட வேண்டும் என்று சொல்லாது. 1991இல் யுனிக்ஸ் வழியில் இயங்கும் லினக்ஸ் வந்த பிறகு, அதைச் சொந்தமாக நிறுவி அல்லாடியவர்கள் அந்தக் குறையை நிரப்ப ‘ஹவ்டூ’க்களை எழுதினார்கள். மோடத்துக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று. 90களின் கடைசியில் கணினி இதழோடு வரும் சிடியில் அவை மொத்தமாக இருக்கும். இன்டர்நெட் நிமிடக் கணக்கில் காசு கேட்ட காலத்தில், ராத்திரி துணைக்கு அந்த சிடிதான்.

வழிகாட்டிகள் ஊசிப்போகும் என்பதையும் அந்த நோட்டுத்தான் கற்றுக்கொடுத்தது. 2014இல் வந்த ரெட்ஹேட் 7, 2015இல் வந்த டெபியன் 8 ஆகியவற்றோடு சேவைகளைக் கிளப்பும் முறையே சிஸ்டம்டி என்ற நிரலுக்கு மாறிவிட்டது. நெட்வொர்க்கைப் பார்க்க ஐஎஃப்கான்ஃபிக் போட்ட கைகள் ஐபி என்று அடிக்கப் பழகின. தேதி இல்லாத வழிகாட்டி, தேதி கிழிந்த மாத்திரை அட்டை மாதிரி. அண்ணன் பக்கங்களில் பாதிக் கட்டளைகள் இன்று ஓடாது. ஆனால் நடுப் பத்தியும் மூன்றாவது பத்தியும் கேட்கிற கேள்விகள் அப்படியே ஓடுகின்றன. 1989இல் ஈவி நெமத் தன் கூட்டாளிகளோடு எழுதிய யுனிக்ஸ் நிர்வாகக் கையேடும் அப்படித்தான் பதிப்புக்குப் பதிப்பு புதுக்கப்பட்டு வந்தது. கடலோடியான அவர் 2013இல் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ‘நீனா’ என்ற பாய்மரக் கப்பலோடு காணாமல் போனார். 2017இல் வந்த 5ஆம் பதிப்பிலும் அட்டையில் முதல் பெயர் அவருடையதுதான்.

இப்போது நோட்டு என்னிடம் இல்லை. வேறு கம்பெனி, வேறு ஊர். அங்கே நானே ஒன்று ஆரம்பித்தேன், அதே மூன்று பத்தி, தமிழில். கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதை மாற்ற முடியாது. ‘ஏன்’ என்பது மட்டும் நாம் பேசுகிற பேச்சில் இருந்தால் நடுராத்திரியிலும் மண்டையில் ஏறுகிறது. முதல் பக்கத்தில் எழுதியது: ‘பேர் வேறு, ஆள் வேறு’.

போன வருஷம் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் நோட்டைக் கொடுத்து, “எதுன்னாலும் ராத்திரி கூப்பிடும்மா” என்றேன். “சரிண்ணா” என்றாள். கூப்பிடவே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை போல என்று இருந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஏதோ தேட நோட்டைப் புரட்டினால், ஃபயர்வால் பக்கத்தில் நான் எழுதிய வரியைக் குறுக்கே அடித்திருந்தாள். பக்கத்திலேயே சின்ன எழுத்தில்: ‘புது சர்வரில் அட் கிடையாது, நிறுவணும். 10 நிமிஷம் காத்திருந்தேன், திறக்கவில்லை. நேரில் போய்ச் சரிசெய்தேன். முதலில் அட் இருக்கிறதா பார்.’

கீழே தேதி, ராத்திரி 2.40. அதற்கும் கீழே அவள் இனிஷியல்.