'ஆட்காட்டி' கத்தினா கிளம்பிடுங்க பாஸ்!

காட்டுயிர் போட்டோ எடுக்கணும்னா முதுமலைக்கும் வால்பாறைக்கும்தான் பஸ் ஏறணுமா என்ன? விருத்தாசலம் பக்கமோ சிதம்பரம் பக்கமோ படிக்கிற ஆளா நீங்க? அப்போ ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சேத்தியாத்தோப்புல இறங்குங்க. ஒரு பக்கம் வெள்ளாற்று அணைக்கட்டு. இன்னொரு பக்கம் வீராணம் ஏரி. முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 10-ம் நூற்றாண்டில் வெட்டின ஏரி இது. 'பொன்னியின் செல்வன்' நாவல்ல வந்தியத்தேவன் குதிரையில வந்து அறிமுகமாகிறது இதே கரையிலதான். 2004-லிருந்து சென்னைக்காரங்க குழாய்லயும் இந்தத் தண்ணி போகுது.

ஏரியோட கிழக்குக் கரையில நின்னுக்குங்க. காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், பறவை மேல வெளிச்சம் பளிச்னு விழும். பத்து மணிக்கு மேல வெயில் ஏறிட்டா கலரெல்லாம் வெளுத்துப் போயிடும்.

சரி, யாரை எடுக்கலாம்? முதல் ஹீரோ நத்தைகுத்தி நாரை. வயல்ல நத்தை பொறுக்கிட்டு நிக்கும். அது வாயை மூடியிருக்கும்போது அலகைக் கிட்டப் பாருங்க... நடுவுல ஒரு சந்து தெரியும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். உங்க போட்டோவை வெச்சே 'இது பெருசு, இது பொடுசு'னு சொல்லிடலாம்!

அடுத்தது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. தண்ணிக்கு மேல அந்தரத்துல சிறகடிச்சு நின்னு, குறி பார்த்து, சடார்னு தலைகீழா பாயும். நின்ன இடத்துல நிக்கிற அந்தச் சில விநாடிதான் உங்க சான்ஸ். ஷட்டர் ஸ்பீடை 1/2000-க்கு ஏத்தி வெச்சுட்டு, மூச்சைப் பிடிச்சுக்குங்க.

இப்போ கொஞ்சம் சீரியஸா பேசுவோமா?

கரையில நடக்கும்போது தலைக்கு மேல ஒரு பறவை வட்டமடிச்சுக் கத்தும். அதுதான் ஆட்காட்டி. ஆள் வர்றதைக் காட்டிக் கொடுக்கிறதால அந்தப் பேர். மரத்துல கூடு கட்டத் தெரியாத ஜீவன் அது. வெட்டவெளியில சின்னக் குழி, அதுல கூழாங்கல் மாதிரியே முட்டைகள். அவ்வளவுதான் வீடு! சித்திரை வெயில்ல முட்டை வெந்துடாம இருக்க, அப்பாவும் அம்மாவும் மாறி மாறி நிழலா நிக்கும். தண்ணியில வயித்தை நனைச்சுட்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும்.

அந்த நேரத்துல நீங்க, "மச்சி, இன்னும் ஒரே ஒரு ஷாட்டு"ன்னு பக்கத்துலயே அரை மணி நேரம் நின்னா? பறவை கிட்ட வராது. முட்டை வெயில்ல கிடக்கும். நீங்க போன பிறகு, உங்க நடமாட்டத்தைக் கவனிச்ச காக்கா வேற வந்து சேரலாம். உங்களுக்கு ஒரு படம், அதுக்கு ஒரு வருஷத்து வாரிசு... கணக்கு சரியா வருதா?

அதனால சில விஷயங்களை மனசுல வெச்சுக்குங்க. பறவை கத்த ஆரம்பிச்சா, அது உங்களைப் 'போ'ன்னு சொல்லுதுன்னு அர்த்தம். பின்னால நகருங்க. கூடு, முட்டை, குஞ்சு பக்கமே போகாதீங்க. செல்போன்ல பறவைக் குரலைப் போட்டு ஏமாத்தி வரவழைக்காதீங்க. படத்தை நெட்ல போடும்போது கூடு இருக்கிற இடத்தை எழுதாதீங்க. கண்ணி வைக்கிறவனும் அதைப் படிப்பான். பறவைகளை வேட்டையாடுறது 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது கண்ணி வைக்கிறதைப் பார்த்தா வனத்துறைக்குச் சொல்லுங்க.

நம்ம ஊர் மா. கிருஷ்ணனைத் தெரியுமா? 1912-ல பிறந்தவர். கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே காட்டு யானைகளை நம்ம கண் முன்னால கொண்டு வந்தவர். 1970-ல பத்மஸ்ரீ வாங்கினார். 1950-ல 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில ஆரம்பிச்ச இயற்கைப் பத்தியை, 1996-ல சாகிற வரைக்கும் எழுதினார். அவர் காலத்துல ஃபிலிம் எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். அதனால முதல்ல பார்த்தாங்க, அப்புறம்தான் எடுத்தாங்க. இன்னிக்கு நம்ம கார்டுல ஆயிரம் படம் பிடிக்கும். பார்க்கிற பொறுமைதான் குறைஞ்சு போச்சு.

வீராணத்துக்குப் போங்க, உட்காருங்க, பாருங்க. ஒரு படம்கூட சிக்காத நாள்லயும் ஒரு நாரையோட வயசைக் கண்டுபிடிச்சிருப்பீங்க. அதுவும் வரவுதான் பாஸ்!