எஞ்சின் உள்ளேயா, வெளியேயா?

ஸ்காபரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஓடினால் சிம்கோ ஏரி. கோடை வந்தால் சிபால்ட் பொயின்ற் பூங்காவில் கோழி வாட்டிக்கொண்டு மற்றவர்களின் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் நாங்களும் ஒன்று வாங்கப் புறப்பட்டோம்.

தேடலின் முடிவில் இரண்டு மிஞ்சின. இரண்டும் பழையவை, பதினெட்டு அடி, பைபர் கிளாஸ், முன்பக்கத்தில் பிள்ளைகள் இருக்க ஆசனம். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றில் எஞ்சின் பின்னால் வெளியே தொங்கியது, ஊரில் மீன்பிடிப் படகுகளில் பூட்டுகிற அதே வகை. மற்றதில் எஞ்சின் உள்ளே, மெத்தை போட்ட மூடிக்குக் கீழே. காற்றாடியைச் சுழற்றும் கால் மட்டும் வெளியே.

மனுசிக்கு இரண்டாவதில்தான் கண். அதன் பின்பக்கம் முழுவதும் தட்டையான மேடை. அதிலிருந்து காலைத் தண்ணீரில் போடலாம், நீந்திவிட்டு ஏறவும் சுகம். "மற்றதிலை நடுவுக்கை எஞ்சினெல்லோ நிக்குது, எங்கையப்பா இருக்கிறது?" என்றாள். நியாயமான கேள்விதான்.

நான் பார்த்தது குளிர்காலத்தை. சிம்கோ ஏரி உறைந்ததும் அதன்மேல் கொட்டில் வைத்து மீன் பிடிக்கிற நாடு இது. உள்ளே இருக்கிற எஞ்சின் ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணிக்கிறது. அந்தத் தண்ணீர் உள்ளே தங்கி உறைந்தால் விரிந்து இரும்பையே பிளந்துவிடும். அதனால் பனிக்கு முன் நீரை முற்றாக வடித்து, உறையாத திரவம் ஏற்ற வேண்டும். ஆளைப் பிடித்துச் செய்வித்தால் வருடா வருடம் செலவு. வெளியே தொங்குகிற எஞ்சினை நிமிர்த்தி இறக்கிவிட்டால் தண்ணீர் தானே வடிந்துவிடும். பிறகு கியர் ஒயிலை மாற்றினால் வேலை அநேகமாக முடிந்தது.

இன்னொன்று, கால் படகைத் துளைத்து வெளியே வருகிற இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை உண்டு. காலைப் பக்கவாட்டில் திருப்பி, மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தேன். உள்ளே மயிரிழை வெடிப்புகள். அது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கிழிந்தால் தண்ணீர் நேரே படகுக்குள். பெற்றோல் ஆவி அடியில் தேங்கும் என்பதால், எஞ்சினை இயக்குமுன் நாலு நிமிடமாவது காற்றோட்ட விசிறியை ஓடவிட வேண்டும் என்பது வேறு. பொறுமையில்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நாலு நிமிடம் சின்ன நேரமில்லை!

மாமியின் கவலை எல்லோரும் ஏறலாமா என்பது. ஆறு மீற்றருக்கு உட்பட்ட மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு நிறை என்று ஒரு தகடு ஒட்டியிருக்கும். குறிகட்டுவானில் நயினாதீவுத் திருவிழாவுக்கு நெருக்கியடித்து ஏறிய ஆட்கள் நாங்கள். "இன்னும் ரெண்டு பேர் வரலாம்" என்பது வாயில் தானாக வரும். இங்கே அது நடவாது. ஆளுக்கு ஒரு உயிர்காப்பு அங்கி, அதுவும் அவரவர் அளவுக்கு, படகில் இருந்தே ஆகவேண்டும்.

வெளியே எஞ்சின் உள்ளதையே வாங்கினோம். மேடை இல்லாத குறைக்கு, பின்னால் ஒரு பக்கத்தில் ஏணி பூட்டியாயிற்று.

வாங்க நினைப்பவர்கள் ஒக்ரோபரில் போய்ப் பாருங்கள். குளிர்காலம் முழுக்கப் படகை வைத்திருக்கும் செலவை நினைத்து விற்பவர் விலையில் இறங்குவார். மோட்டார் படகு ஓட்டும் அட்டையையும் அதற்குள் எடுத்துவிடுங்கள். சோதனையை இணையத்திலேயே எழுதலாம். ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும்.