உப்பும் நீரும் உயிர்மூச்சும்

சென்ற குளிர்காலத்து மாலையொன்றில், உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் என் மகள் ஈமோகுளோபின் பற்றி ஆங்கிலத்தில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் விளங்கச் சொல்லன், பிள்ளை" என்றார் அவளது அம்மம்மா. "இதெல்லாம் தமிழில சொல்லேலாது, அம்மம்மா" என்றாள் மகள். யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே விஞ்ஞானம் கற்ற என் நெஞ்சில் அச்சொல் தைத்தது. அவளருகே சென்று அமர்ந்தேன்.

ஈமோகுளோபின் செங்குருதிக் கலங்களில் உள்ள புரதம். அதன் நான்கு கூறுகளிலும் ஒவ்வோர் இரும்பு அணு உண்டு. ஒவ்வொன்றும் ஓர் ஒட்சிசன் மூலக்கூற்றைப் பற்றும். கேம்பிறிட்ஜில் அதன் அமைப்பைக் கண்டறிந்த மாக்ஸ் பெரூட்ஸ் 1962 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இப்புரதத்திற்கு இரு வடிவங்கள் உள்ளன. தளர்ந்த வடிவம் ஒட்சிசனை உறுதியாகப் பற்றும்; இறுகிய வடிவம் எளிதில் விட்டுவிடும்.

நுரையீரலில் பற்றினால் மட்டும் போதாது. தசையில் விடவும் வேண்டும். இங்கேதான் உப்பு துணைக்கு வருகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அயன்கள் இறுகிய வடிவத்தோடு கூடுதலாக இணைந்து அதனை நிலைநிறுத்துகின்றன. இழையங்களிலிருந்து கலத்தினுள் புகும் காபனீரொட்சைட்டு, இருகாபனேற்று அயனாக மாறி வெளியேறுகிறது. அதற்கு ஈடாகக் குளோரைட்டு உள்ளே வருகிறது. ஒட்சிசன் தேவைப்படும் இடத்திலேயே அது விடுபட இதுவும் உதவுகிறது.

நீர் மறுபக்கம் நிற்கிறது. இறுகிய வடிவம் தளர்ந்த வடிவமாகும்போது ஏறத்தாழ 60 நீர் மூலக்கூறுகள் மேலதிகமாகப் புரதத்தோடு சேர்கின்றன என்று பார்சீஜியனும் உடன் ஆய்வாளர்களும் 1992 இல் காட்டினர். வெறும் கரைப்பான் என்று நான் பள்ளியில் எண்ணிய நீரும் இவ்வேலையில் ஒரு பங்காளியே!

பின்னர் மகளே அம்மம்மாவுக்கு விளக்கினாள். "அப்ப உப்பைக் கூடச் சாப்பிட்டால் எனக்கு மூச்சு வாங்காதோ? டொக்டர் குறைக்கச் சொன்னவரே!" என்று கேட்டார் அவர். மகள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "இல்லை அம்மம்மா, இரத்தத்தில உப்பு எவ்வளவு இருக்கவேணும் எண்டதைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். டொக்டர் சொன்னதைக் கேளுங்கோ" என்றாள். 'சிறுநீரகம்' என்ற சொல்லை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அது இத்தமிழ்ப் பள்ளி அவளுக்குத் தந்த சொல்.

பெற்றோர்களே, ஈமோகுளோபின் தனித்து இயங்குவதில்லை. சூழவுள்ள நீரும் உப்பும் அதன் பற்றுதலையும் விடுதலையும் நெறிப்படுத்துகின்றன. நம் பிள்ளைகளின் தமிழும் அப்படித்தான். வார இறுதியில் பள்ளி தரும் சொல்லுக்கு, மற்றைய நாட்களில் நம் வீடே நீரும் உப்புமாக இருக்கட்டும்.