மெரினாவில் ஒரு மரப்பாதை

சென்னை விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மெரினா மணலில் கடலை நோக்கிப் போகிறது ஒரு மரப்பாதை. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் பிய்த்துப் போட, பிறகு சரிசெய்தார்கள்.

மணலைச் சமாளித்தாயிற்று. மனுஷர்களை?

அக்கா மகனோடு போயிருந்தோம். அவனுடைய சக்கர நாற்காலியைப் பார்த்த பெரியவர் ஒருவர், "எந்த ஜென்மத்துப் பாவமோ!" என்று உச்சுக்கொட்டினார். (பீச்சில் இலவச ஜோசியர்களுக்குப் பஞ்சமில்லை!) எனக்குக் கை துறுதுறுத்தது. அக்கா சண்டைக்குப் போகவில்லை. போனால், அதையே பையன் இன்னொரு தடவை கேட்கணுமே!

"அவனுக்குக் காது நல்லாக் கேக்கும் ஸார். பேரைக் கேளுங்க, சொல்வான்."

கேட்டார். இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தவன், "உங்க பேரு?" என்றான்.

பெரியவருக்குத்தான் பதில் வரச் சற்று நேரமாயிற்று.