எல்லை தாண்டாத பதிவெண்

எங்கள் குடும்பத்துப் பெண்களில் படித்து, தேறி, தன் பெயரில் ஓர் ஆவணம் வாங்கிய முதல் ஆள் நான். பாட்டியின் பெயரில் காகிதம் என்று எதுவும் இருந்ததாக நினைவில்லை. அம்மாவின் பெயர் ரேஷன் அட்டையில் அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி. நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் முடித்து கவுன்சிலில் பதிவு செய்தபோது எனக்கு இரண்டு எண்கள் கிடைத்தன. ஒன்று செவிலியராக, இன்னொன்று பிரசவம் பார்க்கும் மிட்வைஃபாக. வீட்டில் யாரும் வாங்கித் தராத, யாரிடமிருந்தும் வழிவழியாக வராத எண்கள் அவை.

பதிவு செய்து ஏழு மாதத்தில் கல்யாணம். கணவர் லாரி ஓட்டுநர். அவருக்கு வேலை வேறொரு மாநிலத்தில். மாமியாரும் அங்கேதான் இருந்தார். ஆகவே நானும் போனேன். போன பிறகு எங்கள் இருவர் கையிலும் இருந்த உரிமங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. அவருடைய ஓட்டுநர் உரிமம் நாமக்கல்லில் வாங்கியது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அது இந்தியா முழுக்கச் செல்லும். நாசிக்குக்கு வெங்காயம் ஏற்றப் போனாலும், டெல்லிக்கு முட்டை ஏற்றிப் போனாலும் அதே அட்டைதான். வழக்கறிஞர்களுக்கும் அப்படியே. தமிழ்நாட்டு பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாம் என்று 1961 சட்டத்தின் 30ஆவது பிரிவு சொல்கிறது. என் பதிவு மட்டும் மாநில எல்லைச் சோதனைச்சாவடியோடு நின்றுவிட்டது.

இதற்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. மெட்ராஸ் மாகாணத்தில் செவிலியர், மிட்வைஃப் பதிவுக்கான சட்டம் 1926இல் வந்தது. மற்ற மாகாணங்கள் தனித்தனியே தங்கள் சட்டங்களை இயற்றிக்கொண்டன. 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தபோது, பாடத்திட்டமும் தகுதியும் நாடு முழுவதற்கும் பொதுவாயின. பதிவேடு மாநிலங்களிடமே இருந்தது. அதாவது நான் படித்த படிப்பு எந்த மாநிலத்திலும் பதிவு செய்யப் போதுமானது. ஆனால் அந்தப் பதிவை அங்கே மறுபடி செய்துகொள்ள வேண்டும்.

'மறுபடி செய்துகொள்ள வேண்டும்' என்ற மூன்று சொற்களுக்குள் என்னுடைய ஐந்து மாதங்கள் போயின. முதலில் பழைய கவுன்சிலிடமிருந்து, இவர் எங்களிடம் பதிவு செய்தவர், மாற்றிக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று. அதோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், நர்சிங் மதிப்பெண் பட்டியல்கள், பட்டம் எல்லாவற்றிலும் அசல். பள்ளி அசல்கள் இரண்டும் நான் படித்த கல்லூரியின் அலமாரியில் இருந்தன. சேரும்போது வாங்கி வைத்தவை. ஏதோ பாக்கித் தொகையைச் சொல்லி முடிக்காமல் தர முடியாது என்றார்கள். அம்மா தன் தோட்டைக் கழற்றி அடகு வைத்துப் பணம் அனுப்பினார்.

அடுத்தது பெயர். என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து உண்டு, அப்பாவின் முதலெழுத்து. தமிழ்நாட்டில் அது போதும். புதிய மாநிலத்தின் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். இதற்கிடையில் ரேஷன் அட்டையில் சேர்ப்பதற்காக என் ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருந்தது. சான்றிதழில் இருக்கும் பெண்ணும் ஆதாரில் இருக்கும் பெண்ணும் ஒருவரே என்று நிரூபி என்றார்கள். நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம், கல்யாணப் பதிவுச் சான்று, இரண்டு பெயரும் உள்ள ஏதாவது ஒரு காகிதம். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவரும் பெண்தான். அவர் கழுத்திலும் தாலி இருந்தது. "எனக்கும் பேங்க்ல இதே பிரச்சினைம்மா" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். விண்ணப்பத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

கல்யாணமானால் பெண் ஊர் மாறுவாள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்த பெண்கள் அதிகமாகச் சொன்ன காரணமே திருமணம்தான். பெயர் மாற்றிக்கொள்ளவும் எதிர்பார்க்கிறார்கள். ஊரும் பெயரும் மாறிய பிறகு, பழைய ஊரில் பழைய பெயரில் சம்பாதித்த தகுதி உன்னுடையதுதானா என்று கேட்கிறார்கள். செவிலியர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண்கள் நிறைந்த ஒரு தொழிலின் உரிமம் எல்லை தாண்டும்போது இத்தனை சிரமப்படுவதை வெறும் அலுவலக நடைமுறை என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

காத்திருக்கும் காலத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு தனியார் மருத்துவமனை, "பதிவு வரும்வரை உதவியாளராக இருங்கள்" என்றது. செவிலியர் சம்பளத்தில் பாதி. படுக்கை விரிக்க, நோயாளியைக் கழிவறைக்குக் கூட்டிப்போக, குழந்தையைத் துடைக்க. ஓர் இரவு பிரசவ வார்டில், பிள்ளை பெற்று ஒரு மணி நேரமான பெண்ணின் துணியை மாற்றப் போனேன். துணி தேவைக்கு மேல் நனைந்திருந்தது. அடிவயிற்றில் கை வைத்தேன். கருப்பை இறுகாமல் மாவு மாதிரி தளர்ந்து கிடந்தது. ஒரு கையால் அதைத் தேய்த்துக்கொண்டே டூட்டி சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து ஆக்ஸிடோசின் போட்டார், டாக்டர் வந்தார், ரத்தம் நின்றது. விடிந்ததும் நோயாளியின் தாளைப் பார்த்தேன். டூட்டி சிஸ்டர் கண்டுபிடித்ததாக, டூட்டி சிஸ்டரின் கையெழுத்தோடு எழுதியிருந்தது. அவரைச் சொல்லி என்ன? உதவியாளர் எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது. என் கைக்குத் தெரிந்ததைத் தெரிந்ததாகச் சொல்ல, அந்த மாநிலத்தில் எனக்கு எண் இல்லை.

வீட்டில் மாமியார் கொங்குப் பாசத்தோடு கேட்டார்: "ஏங்கண்ணு, இத்தன அலைச்சல் எதுக்கு? ஊட்லயே இருந்துக்கறது." அவருக்கு என்மேல் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அப்படிக் கேட்பதற்கு வசதியாக ஐந்து மாதங்களை அந்த விண்ணப்பம் ஏற்படுத்திக் கொடுத்தது. அந்த மாதங்களில் சமையல் என்னுடையதாகிவிட்டது. மாமியாரின் சர்க்கரை மாத்திரையும் கொழுந்தனின் டிபன் டப்பாவும் அப்படியே. "இப்பதான் வேலை இல்லையே" என்பதில் தொடங்கி "இனி எதுக்கு வேலை" என்பதற்கு வந்துசேர அதிக நாள் பிடிக்காது. என் வகுப்புத் தோழிகள் இருவர் அப்படித்தான் நின்றுபோனார்கள். அவர்களை யாரும் வேலைக்குப் போகாதே என்று தடுக்கவில்லை. ஒரு கடிதம் வரவேண்டியிருந்தது. அதற்குள் ஒரு குழந்தை வந்துவிட்டது.

இந்தப் பதிவேடே பெண்கள் போராடிப் பெற்றது என்பதை நர்சிங் வரலாறு படிக்கும்போது தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்துவிடுகிறோம். உலகில் முதன்முதலாக 1901இல் நியூசிலாந்து செவிலியருக்கெனத் தனிப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டனில் எத்தல் பெட்ஃபோர்டு ஃபென்விக் என்ற செவிலியர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் போராடியபின் 1919இல் அங்கே சட்டம் வந்தது. அந்தப் பதிவேட்டின் முதல் எண் அவருடையது. அவரை எதிர்த்தவர்களில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். நல்ல செவிலியருக்குரிய குணத்தைத் தேர்வும் பதிவும் அளந்துவிட முடியாது என்பது அவர் கட்சி. செவிலியம் சேவை என்றால் குணம் போதும். அது தொழில் என்றால் படிப்பும் தேர்வும் பதிவும் வேண்டும். ஃபென்விக் தொழில் என்றார். ஆகவே பதிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போலிச் சான்றிதழோடு ஒருவர் என் அம்மாவுக்கு ஊசி போடுவதை நானும் விரும்பமாட்டேன். பதிவு அந்தப் பெண்ணோடு கூடவே வரவேண்டும் என்கிறேன்.

அது முடியாத காரியம் அல்ல. அமெரிக்காவிலும் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம்தான். அங்கே ஒரு கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. அதில் உள்ள ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோகும் செவிலியர், 60 நாட்களுக்குள் புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதியது கைக்கு வரும்வரை பழைய உரிமத்திலேயே வேலை பார்க்கலாம். சரிபார்ப்பும் நடக்கிறது, சம்பளமும் நிற்பதில்லை. நம் நாட்டிலும் ஆதாரோடு இணைத்து ஒவ்வொரு செவிலியருக்கும் தேசிய அளவில் தனி எண் தரும் முறை வந்துவிட்டது. 1947 சட்டத்துக்குப் பதிலாக 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய செவிலியர், மகப்பேறு ஆணையச் சட்டம், நாடு முழுவதற்குமான இணையப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கச் சொல்கிறது. விதிகள் எழுதும்போது, விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை பழைய பதிவு செல்லும் என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகிவிடாது.

அது வரும்வரை நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. கல்லூரியில் படிக்கும் தங்கைகள் கேட்கும்போது இவற்றைத்தான் சொல்கிறேன். கல்லூரியை விட்டு வெளியேறும் நாளில் அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எண்ணி வாங்கு. பதிவில் என்ன பெயரோ, என்ன முதலெழுத்தோ, அதே ஆதாரிலும் வங்கியிலும் இருக்கட்டும். கல்யாணமானால் பெயரை மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் வெளிமாநிலம் என்றால், நகை பேசும்போதே பதிவு மாற்றத்தையும் பேசு: விண்ணப்பம் எப்போது, செலவு யாருடையது, அலைவதற்கு யார் கூட வருவது. பழைய ஊரில் இருக்கும்போதே சான்றுக்கு விண்ணப்பித்துவிடு. காத்திருக்கும் மாதங்களில் எழுதிப் படித்துக்கொண்டே இரு. உதவியாளராகச் சேர்ந்தால் என்னென்ன வேலை என்று எழுத்தில் கேள். ஊசியும் மருந்தும் பாதிச் சம்பளத்துக்குச் செய்யாதே.

எனக்கு ஐந்தாம் மாதம் கடிதம் வந்தது. இப்போது பிரசவ வார்டில் இரவுப் பணி. நோயாளியின் தாளில், கண்டதைக் கண்டபடி எழுதி, கீழே அப்பாவின் முதலெழுத்தோடு கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் வார்டில் உதவியாளராக இருக்கும் ஒரு பெண் ஒடிசாவிலிருந்து வந்திருக்கிறாள். அங்கே பதிவு செய்த செவிலியர். மூன்றாவது மாதமாகக் காத்திருக்கிறாள். அவள் கண்டு சொன்னதை எழுதும்போது, சொன்னது அவள் என்றும் சேர்த்து எழுதுகிறேன்.