புகையும் அண்டை வீட்டாரின் உரிமையும்

 

ஹஜ்ஜுப் பெருநாளன்று இறைச்சியில் ஒரு பகுதியை மசாலா தடவித் தணலில் சுட்டு உண்பது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. எங்கள் மண்டபத்தூர் போன்ற கடற்கரை ஊர்களில் இதனால் தொல்லை குறைவு. கொல்லைப்புறம் உண்டு, கடற்காற்று உண்டு, புகை எவர் வீட்டிலும் தங்காமல் கலைந்து போகும். ஆனால், நம் பிள்ளைகளில் பலர் கொல்லை என்பதே இல்லாத அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். அங்கே ஒரு வீட்டின் பால்கனிக்கு நேர் மேலே இன்னொரு வீட்டின் ஜன்னல் இருக்கிறது.

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1962இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. அவ்வழியில் வந்த குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை மகள், பாரிஸ் நகரின் அருகே நான்காம் மாடியில் குடியிருக்கிறாள். ஒரு பெருநாளுக்குப் பின் அவள் தொலைபேசியில் என்னிடம் வினவினாள்:

"மாமா, பால்கனியில் கறி சுட்டோம். மேல்வீட்டு மூதாட்டிக்கு மூச்சிரைப்பு நோய். அன்று முதல் படிக்கட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நம் வீட்டில் நாம் சமைப்பது கூடாதா?"

"சமைப்பது கூடும். புகையை அவர் வீட்டுக்குள் அனுப்புவதுதான் கூடாது" என்றேன்.

இது நயத்தக்க நாகரிகம் பற்றிய பேச்சு மட்டுமன்று. உரிமை பற்றிய பேச்சு. பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்றவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாயின் வாடைக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், நோயாளியின் நெஞ்சை அடைக்கும் புகைக்கு என்ன சொல்வது? உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பெற்ற 'மஜல்லா' என்னும் சட்டநூல், தன் 1200ஆம் பிரிவில் அடுமனைப் புகையையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. அப்புகையால் பக்கத்து வீட்டார் குடியிருக்க இயலாமற்போனால், அது பெருந்தீங்கு. எவ்வகையிலேனும் அது நீக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. பிரான்சும் 2024 ஏப்ரலில் தன் சிவில் சட்டத்தில் 1253ஆம் பிரிவைச் சேர்த்து, அளவு மீறி அண்டையாருக்குத் தொல்லை விளைவிப்பவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதி வைத்தது.

ஆண்டுக்கு ஒருநாள் சுடுவது அடுமனைக்கு ஒப்பாகுமா என்று கேட்பீர்கள். ஒப்பாகாதுதான். ஆயினும் மூச்சுக்குத் திணறுபவருக்கு ஒரு மணி நேரமும் நெடும்பொழுதே.

சரி, புகையைக் குறைப்பது எப்படி? அது எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போதே பெரும்புகை எழுகிறது. ஆகவே, கொழுப்பை முன்பே அரிந்து நீக்குங்கள். மசாலாவில் எண்ணெயைக் குறையுங்கள். சர்க்கரை, தேன் சேர்த்தால் விரைவில் கருகும். அடுப்பில் வைக்குமுன் வழியும் மசாலாவைத் துடைத்துவிடுங்கள். இறைச்சியை முன்பே அரைவேக்காடாக வேகவைத்துக்கொண்டால் சுடும் நேரம் பாதியாகும். கம்பி வலையில் ஒட்டிய பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவுங்கள், அதுவும் புகையும்.

கொல்லையிலோ திறந்த வெளியிலோ சுடுபவர்கள் ஈரவிறகைத் தவிர்த்து, நன்கு காய்ந்த கொட்டாங்கச்சிக் கரியைப் பயன்படுத்தலாம். கரி முழுதும் சாம்பல் பூத்த பின்னரே இறைச்சியை வைக்க வேண்டும். தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து மூடினால் கொழுப்பு நெருப்பில் விழாது.

அடுக்குமாடியிலோ கரி அடுப்பையே விட்டுவிடுவது நலம். கனத்த இரும்புத் தோசைக்கல்லை எரிவாயு அடுப்பில் வைத்து, புகைபோக்கி விசிறியைச் சுழலவிட்டுச் சுடலாம். மின்அடுப்பில் சுடுவோர் கம்பி வலையின் கீழே நீர் ஊற்றிய தட்டை வைத்தால், சொட்டும் கொழுப்பு கருகாது. புகை வெளியே போகாதிருக்கட்டும் என்று கரி அடுப்பை வீட்டுக்குள் வைத்துக் கதவடைப்பது மட்டும் ஒருக்காலும் கூடாது. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். தணலின் சுவைதான் வேண்டுமென்றால், அதற்கென அனுமதிக்கப்பட்ட பொது இடத்துக்குச் செல்லுங்கள். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் முன்பதிவு செய்து பயன்படுத்தும் அடுப்புகளே இருக்கின்றன.

இவ்வளவும் என் மருமகளிடம் கூறிவிட்டு, இறுதியாக ஒன்றைக் கேட்டேன்: "அந்த அம்மையாரின் பெயர் என்ன?" அவள் மௌனமானாள். நான்காண்டுகள் மேலும் கீழுமாக வாழ்ந்தும் பெயர் தெரியவில்லை! மறுநாள் இனிப்போடு சென்று, நடந்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு வந்ததாகப் பின்னர்ச் சொன்னாள். அம்மூதாட்டி அவளை உள்ளே அழைத்து அமரவைத்தாராம்.

குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டையாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் (ஸல்) அறிவுறுத்தியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். நம் அடுப்பிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்ல வேண்டியது உணவுதான், புகையன்று. அண்டையாருக்கு நலம் நாடுவோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.